உடம்புக்கும் ஒரு பேரேடு வேண்டும்



சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அதைச் சொல்லாத கூட்டமும் இல்லை, கேட்டுத் தலையாட்டாத வணிகரும் இல்லை. ஆனாலும் காணை கடைவீதி தொடங்கி விழுப்புரம், திண்டிவனம் வரை உள்ள கடைகளைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவரின் கல்லாப்பெட்டியில் சில்லறைக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டையும் இருக்கிறது. சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உதவியுடன் நடந்து 2023ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொன்னது. அதில் வணிகர் பங்கு குறைவாக இருக்க வழியில்லை.

மாதச் சம்பளக்காரர் படுத்தால் மருத்துவ விடுப்பு உண்டு. நமக்கு யார் கொடுப்பார்கள்? முதலாளி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் கடன் நோட்டில் எழுதியது பாதி, மனதில் இருப்பது பாதி என்று நிலுவை நின்றுபோகும். வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். போன வாடிக்கையைத் திரும்ப இழுப்பது எவ்வளவு பாடு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே உடம்பைக் காப்பது நமக்கு முதலைக் காப்பதுதான்.

உட்கார்ந்த உழைப்பு

"காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்குப் பூட்டுகிறோம். இதைவிட என்ன உடற்பயிற்சி?" என்று பலர் கேட்பார்கள். உழைப்பு உண்மைதான். ஆனால் அந்த உழைப்பில் உடம்பு அசைவது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையில், ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் 213 பேரின் சாப்பாட்டையும் எடையையும் கணக்கெடுத்து 1956ல் வெளியிட்டார்கள். மூட்டை சுமப்பவர் முதல் குமாஸ்தா வரை அதில் இருந்தார்கள். ஆலையை ஒட்டிய கடைத்தெருவில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் இருந்தார்கள். சுமக்கிறவர் நிறையச் சாப்பிட்டார், உடம்பு பெருக்கவில்லை. மிதமான வேலை செய்தவர் அளவாகச் சாப்பிட்டார், அவரும் பெருக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தவர்களோ மூட்டை சுமப்பவருக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்கே கூடுதல். உடம்பு ஓர் அளவுக்குக் கீழே அசையாமல் இருந்தால், பசியின் அளவுகோலே தவறிப்போகிறது என்பது அந்த ஆய்வு சொன்ன பாடம்.

லண்டன் மாநகரத்திலும் இப்படி ஒன்று. அங்கே அந்தக் காலத்தில் மாடிப் பேருந்தில் டிரைவர் உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுதும் படி ஏறி இறங்குவார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953ல் வெளியிட்ட கணக்கின்படி, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு டிரைவர்களைவிடக் குறைவு. நம் கடையில் கல்லாவில் இருப்பவர் டிரைவர். சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையன் கண்டக்டர். முன்பு சில்லறைக் கடைக்காரர் சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டி மிதித்துக்கொண்டு போவார். பிறகு மொபெட் வந்தது. இன்று போனில் சொன்னால் குட்டி யானை வண்டியில் சரக்கு வாசலில் இறங்குகிறது. வியாபாரத்துக்கு அது லாபம். உடம்புக்கு நாம் தனியாக ஏதாவது செய்தாக வேண்டியிருக்கிறது.

ஊக்கம் வந்தபின்பா கடை திறக்கிறோம்?

நடைப்பயிற்சி நல்லது என்று தெரியாதவர் நம்மில் இல்லை. தை முதல் தேதி தொடங்குவோம், மாசியில் நிறுத்திவிடுவோம். கேட்டால், "ஆர்வம் போய்விட்டது" என்போம்.

வணிகர்களே, மழைக்காலத்து விடியற்காலையில் எந்த ஆர்வத்தில் ஷட்டரைத் தூக்குகிறோம்? மனம் வந்தாலும் வராவிட்டாலும் கடை திறக்கிறது. காரணம் மூன்று. திறக்கும் நேரம் குறித்தது. நம்மை எதிர்பார்த்து ஆள் நிற்கிறது. இரவில் கணக்கு முடிக்க வேண்டும். இந்த மூன்றையும் உடம்புக்கும் வைத்தால், ஊக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

முதலாவது நேரம். "ஓய்வு கிடைக்கும்போது நடக்கலாம்" என்றால் வணிகனுக்கு ஓய்வு கிடைக்கவே கிடைக்காது. கடை திறக்கப் போகுமுன் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. அதுவும் முடியாதவர் சாப்பிட்டவுடன் படுக்காமல் பத்து நிமிடம் நடக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்துகிறது.

இரண்டாவது துணை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகும் வணிகர் நம் பக்கத்தில் எத்தனை பேர்! சுற்று 14 கிலோமீட்டர். முழங்கால் வலி என்பவரும் நடந்து முடிக்கிறார். பக்தி ஒரு காரணம். நாள் குறித்திருப்பதும், கூட நாலு பேர் வருவதும் மற்ற காரணங்கள். அதே நாலு பேர் தினமும் ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ சேர்ந்தால், ஒருவர் வராத அன்று மற்றவர் போன் செய்து எழுப்புவார்.

மூன்றாவது கணக்கு. நாம் எதையும் எழுதினால்தான் நம்புவோம். ஒரு சிறு நோட்டில் நடந்த நாளுக்கு ஒரு கோடு, மாதம் ஒரு முறை எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம் எழுதி வாருங்கள். டீக் கணக்கையும் எழுதிப் பாருங்கள். நாளுக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 60 கிராம், வருஷத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ. கிட்டத்தட்ட அரை மூட்டைச் சர்க்கரையை டீயிலேயே குடித்துவிடுகிறோம். வாடிக்கையாளருக்கு நூறு கிராம் கூடுதலாகப் போனால் பதறுகிற நாம், இந்த அரை மூட்டையை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

ஒரு செய்தி ஆறுதலாக இருக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் புதுப் பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து 2009ல் வெளியிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு அதைவிட வெகு நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை. கல்யாணம், சரக்கு வரவு, பண்டிகை வியாபாரம் என்று ஒரு நாள் தவறலாம். அமாவாசைக்குக் கடை அடைத்தவர் மறுநாள் திறப்பதில்லையா? அதுபோல மறுநாள் நடக்க வேண்டியதுதான்.

வயதுக்கேற்ற வழி

முப்பது, நாற்பது வயதுக்காரர் பையனிடம் சொல்லாமல் தாமே எழுந்து சரக்கு எடுக்கலாம். பக்கத்துத் தெருவுக்கு வண்டியைத் தொட வேண்டாம். ஐம்பதுக்கு மேல் நடையோடு கால் பலத்தையும் கவனிக்க வேண்டும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். வியாபாரம் மந்தமான பிற்பகலில் இதைக் கடையிலேயே செய்யலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருதயக் கோளாறு உள்ளவர் முதலில் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

"எழுபதாகிவிட்டது, இனி என்ன" என்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கால் பலப் பயிற்சி கொடுத்து 1990ல் முடிவை வெளியிட்டார்கள். கால் பலம் முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. மேலே சொன்ன டாக்டர் மாரிஸும் தம் சொல்படியே முதுமையிலும் பயிற்சியை விடாமல் 99 வயது வரை வாழ்ந்து 2009ல் மறைந்தார்.

சங்கம் செய்யக்கூடியது

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி, வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்தது. அவர்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் வணிகர் கடையில் இருப்பார். 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள், மாதத்தின் முதல் ஞாயிறு சேர்ந்து நடக்கவும் ஏற்பாடு. ஞாயிறு நமக்கு வியாபார நாள். ஆக, வணிகருக்கு ஏற்ற நேரத்தை வணிகர்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வேண்டுகோள். சங்கக் கூட்டம் நடக்கும் இடத்தில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் இருக்கட்டும். சந்தா கட்ட வருகிறவர் இரண்டையும் பார்த்துவிட்டுப் போகலாம். அடுத்து, மே 5 வணிகர் தினத்தில் எப்படியும் கடை அடைக்கிறோம். அதையொட்டி வருஷம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது என்று ஒவ்வொரு உறுப்பினரும் வைத்துக்கொள்ளலாம். வருஷாந்திர இருப்பெடுப்பு சரக்குக்கு இருப்பதுபோல் உடம்புக்கும் இருக்கட்டும்.

நாளைக் காலை கடைச் சாவியை எடுக்குமுன் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள். புது நோட்டில் முதல் கோடு விழட்டும்.