சிறுநீர்ப் பாதைக் கல் நுண்துளை அறுவைக்கு முந்தைய மருந்தாட்சி: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீர்ப் பாதைக் கற்களை நுண்துளை வழியாகவோ உள்நோக்கி வழியாகவோ அகற்றும் சிகிச்சையின் விளைவு, அதற்கு முந்தைய நாட்களில் எம்மருந்து தொடங்கப்பட்டது, எது நிறுத்தப்பட்டது, எது தொடரப்பட்டது என்பதையும் பொறுத்து அமைகிறது. இம்மூவகை மருந்தாட்சியையும் வெப்பச் சூழலில் உழைக்கும் தொழிலாளரின் நிலையோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்லடைப்பு, நுண்துளை அறுவை, நுண்ணுயிர் எதிர்ப்பி, குருதி உறைவுத் தடுப்பி, கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் இயங்குகின்றன. உலையருகே பணியாற்றுவோர் வியர்வையால் மிகுந்த நீரை இழக்கின்றனர். அதற்கு ஈடாக நீர் அருந்தாதபோது சிறுநீர் செறிவடைந்து, கால்சியம் ஆக்சலேட், யூரிக் அமிலம் முதலியவை படிகமாகின்றன. தென்னிந்திய உருக்காலைத் தொழிலாளரிடையே மேற்கொள்ளப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பணியிட வெப்பத்திற்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டியது.

சித்த மருத்துவம் ‘கல்லடைப்பு’ எனக் குறிக்கும் இந்நோய்க்குச் சிறுபீளை, நெருஞ்சில் முதலிய மூலிகைகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. 1976இல் ஸ்வீடனில் முதுகுப்புறத் துளைவழிக் கல்நீக்கமும், 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அதிர்வலைக் கல்லுடைப்பும் அறிமுகமாயின. உள்நோக்கி முறையும் வளர்ந்த பின்னர், வயிற்றைக் கிழித்துச் செய்யும் அறுவை அரிதாயிற்று.

தொடங்க வேண்டியவை

கல்லின் இடுக்குகளில் நுண்ணுயிரிகள் தங்கியிருக்கக்கூடும். கல்லை உடைக்கும்போது அவை குருதியில் கலந்தால், உயிருக்கே ஊறு செய்யும் குருதி நச்சேற்றம் நேரலாம். எனவே அறுவைக்கு முன் சிறுநீர் வளர்ப்புச் சோதனை இன்றியமையாதது. கிருமி காணப்பட்டால், காய்ச்சலோ எரிச்சலோ இல்லாத நிலையிலும், அக்கிருமிக்கேற்ற எதிர்ப்பியால் சிகிச்சையளித்த பின்னரே அறுவை நிகழ வேண்டும். கிருமி இல்லாதவர்க்கும் உள்நோக்கி, துளைவழி முறைகளில், அறுவை தொடங்குவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் தடுப்பு மருந்து செலுத்தப்படுகிறது. அடைப்போடு தொற்றும் சேர்ந்திருப்பின், முதலில் சிறுகுழாய் பொருத்திச் சிறுநீரை வடிப்பதே முறை, கல்நீக்கம் பின்னரே.

சிறுநீர்க்குழாயின் தசையைத் தளர்த்தி உள்நோக்கியின் நுழைவை எளிதாக்க, டாம்சுலோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பிகளைச் சில மருத்துவர்கள் முன்கூட்டியே தருகின்றனர். இம்மருந்தால் எழுந்து நிற்கையில் தலைச்சுற்றல் நேரலாம். பாரந்தூக்கி இயக்குபவர்க்கும் உலைமேடையில் நிற்பவர்க்கும் இது விபத்துக்கு வழிகோலும்.

நிறுத்த வேண்டியவை

துளைவழி முறையில் குருதிப்போக்கு அபாயம் மிகுதி. ஆகவே வார்ஃபரின் ஏறத்தாழ 5 நாட்களுக்கு முன்பும், குளோபிடோக்ரல் 5 முதல் 7 நாட்களுக்கு முன்பும் நிறுத்தப்படுவது வழக்கம். ஆயினும் இதயக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர் தாமாக நிறுத்தினால் மாரடைப்பு நேரக்கூடும். இம்முடிவு இதய மருத்துவரைக் கலந்தே எடுக்கப்பட வேண்டும். நிறுத்த இயலாதவர்க்கு உள்நோக்கி முறையே முதல் தெரிவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நீரிழிவுக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை 3 நாட்களுக்கு முன் நிறுத்தப்படுகின்றன; இல்லையேல், சர்க்கரை அளவு மிகாத நிலையிலும் குருதியில் கீட்டோன் அமிலம் பெருகலாம்.

தொடர வேண்டியவை

பீட்டா தடுப்பி வகை இரத்த அழுத்த மருந்துகளும் தைராய்டு மருந்தும் பெரும்பாலும் அறுவை நாள் காலையிலும் தொடரப்படும். ‘வெறும் வயிற்றோடு வருக’ என்னும் அறிவுரையை ‘எல்லா மாத்திரையையும் விடுக’ எனப் பொருள்கொள்வது தீங்காகும்.

தொழிற்பகுதிச் சூழல்

கல்வலிக்கு டைக்லோஃபெனாக் நன்கு பயனளிப்பது உண்மை. ஆனால் நீரிழப்புற்ற உடலில் அம்மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டால் சிறுநீரகச் செயல்பாடு குன்றும். மருந்துச் சீட்டின்றி இதனை வாங்கி விழுங்கிவிட்டு அடுத்த பணிமுறைக்குச் செல்பவரின் கிரியேட்டினின் அளவை அறியாமல் அறுவை நாளைக் குறித்தல் ஆகாது. எஞ்சிய நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரைகளை உட்கொண்டு வருபவரின் வளர்ப்புச் சோதனை, கிருமியிருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும்.

இப்பகுதியில் பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தவரும் பணியாற்றுகின்றனர். தமிழரும் மருந்தின் பெயரை விடுத்து ‘இரத்தம் நீர்த்துப்போகும் மாத்திரை’ என்றே குறிப்பதுண்டு. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்வதும், சூரணம், கஷாயம் உள்ளிட்ட அனைத்தையும் வினவுவதும் மொழித்தடையைக் கடக்கும் எளிய வழிகள்.

முடிவுரை

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர்க்கு ஈ.எஸ்.ஐ. காப்புறுதி உண்டு, 2022 சனவரியில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய வாய்ப்புகள் முழுப்பயன் தர, ‘தொடங்குக, நிறுத்துக, தொடர்க’ என்னும் மூன்று தலைப்புகளில் நாளும் வேளையும் குறித்த ஒரு தாள், நோயாளி படிக்கக்கூடிய மொழியில் அவர் கையில் தரப்பட வேண்டும். அந்நாட்களுக்கு வெப்பப் பணியிலிருந்து விலக்கும் போதிய குடிநீரும் தருவது ஆலையின் கடமையாகக் கொள்ளத்தக்கது.