வயதான நாய்க்குத் திண்ணையில் ஓர் இடம்



நம்ம ஊருக்கு ஒரு பக்கம் நாய்க்குப் பேர்போன இராசபாளையம். இன்னொரு பக்கம் வெடிக்குப் பேர்போன சிவகாசி. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழிக்கிற ஒரு ஜீவனைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதுதான் வயதாகிப்போன நாய்.

இராசபாளையம் நாயின் படத்தைப் போட்டு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். சிப்பிப்பாறைக் குட்டி வேண்டுமென்று வெளியூரிலிருந்து தேடி வருகிறார்கள். இந்த மவுசெல்லாம் குட்டியாக இருக்கும் வரைக்கும்தான். தோட்டக் காவலுக்கு ஓடியாட முடியவில்லை, கிடை ஆட்டோடு நடக்க முடியவில்லை, பெட்டை நாய் குட்டி போடுவதை நிறுத்திவிட்டது என்றால், ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தெருநாய்கள் சேர்த்துக்கொள்ளவும் செய்யா. இப்படிப் பட்டினி கிடக்க விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை.

முன்பெல்லாம் நகராட்சிகளில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடலாம் என்று 1964-லேயே சென்னையில் வழிகாட்டியது புளூ கிராஸ் அமைப்பு. 2001-ல் அது நாடு முழுவதற்கும் விதியாகவே வந்துவிட்டது. காதில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் அது கருத்தடை ஆன நாய் என்று அடையாளம். ஆக, நாய்கள் வயதாகும் வரை இருக்கத்தான் போகின்றன. அந்த வயதில் அவற்றை யார் வைத்துக்கொள்வது? காப்பகங்களில் குட்டிகளுக்கு ஆள் கிடைத்துவிடும். கிழட்டு நாயை ஏறிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

“வயசான நாயை வாங்கி என்னய்யா பண்ண?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குட்டி எந்த அளவு வளரும், என்ன குணம் வரும் என்று யாருக்கும் தெரியாது. செருப்பைக் கடித்து, கோழிக்குஞ்சைத் துரத்தி, ஒரு வருஷம் பாடாய்ப் படுத்தும். வயதான நாயின் குணமோ கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. பகலெல்லாம் தூங்கும். ராத்திரி வேற்றாள் வந்தால் குரைக்கும். காவலில் பாதி அந்தக் குரல்தானே! பிள்ளைகளைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்லுவேன். எழுபது வயதில் ஒரு குட்டியை எடுத்தால், பன்னிரண்டு வருஷத்துக்கு அதைப் பார்க்கத் தெம்பு வேண்டாமா? பத்து வயது நாய் என்றால் உங்களுக்கும் அதற்கும் நடை ஒத்துப்போகும்.

எடுத்ததும் தத்து என்று முடிவு கட்ட வேண்டாம். பதினைந்து நாள், ஒரு மாதம் என்று தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். முதல் மூன்று நாள் மூலையில் பதுங்கும், சரியாகத் தின்னாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆடு, கோழி இருக்கிற வீடானால் கயிற்றில் பிடித்துக்கொண்டே பழக்குங்கள். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டுக்கு, குணம் தெரியாத நாய் வேண்டவே வேண்டாம். காது மந்தமான நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். தரையை இரண்டு தட்டுத் தட்டி எழுப்புங்கள். வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதும் உண்டு.

கொண்டுவந்த உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். யாருக்காவது பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் பூசுவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் கூடாது. ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பிறப்புறுப்பில் பூக்கோசு போலக் கட்டி வந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்து நாயையே விரட்டிவிடுகிறார்கள். பாவம்! அதற்கு வாரம் ஒரு ஊசி, சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். கருத்தடை ஆகாத பெட்டை நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நமக்குக் கொடுக்கிற வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடவும் கூடாது.

சாப்பாடு பெரிய செலவில்லை. பல் தேய்ந்த நாய்க்குக் குழைந்த சோறும் அவித்த முட்டையும் கொஞ்சம் கறியும் இரண்டு வேளையாகப் பிரித்து வைத்தால் போதும். வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் ஆகாது, நம்ம குழம்பைச் சோற்றில் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்குச் சிமெண்டுத் தரை ஆகாததுபோல் அதற்கும் ஆகாது. நாலைந்து சாக்கை மடித்துப் போடுங்கள்.

இனி வெடிச் சங்கதி. வெடிதான் நம்ம பக்கத்துக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் நாய்க்குக் காது கூர்மை; நம் காதில் விழாத உயர்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடுகிற நாய், பார்வை மங்கியிருந்தால் வீடு திரும்பாது. தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் வைத்திருக்கிறார்கள். (நம்ம ஊரில் அந்தக் கடிகாரம் கொஞ்சம் தாராளமாகத்தான் ஓடுகிறது!) அதனால் விடியுமுன்னும், பொழுது சாயுமுன்னும் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். பிறகு உள் அறையில், கட்டிலுக்கு அடியில் இடம் கொடுத்து, ரேடியோவைச் சற்று உரக்க வையுங்கள். சங்கிலியில் கட்டிப்போட்டால் இழுத்துக் கழுத்தைக் காயப்படுத்திக்கொள்ளும். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

டில்லித் தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியில் மனுச் செய்யலாம் என்றது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொன்னது. டில்லிக்குச் சொன்னதானாலும் நமக்கும் பொருந்துகிற பேச்சு.

இரண்டு வருஷமோ மூன்று வருஷமோதான் அது உங்களோடு இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே எடுங்கள். கடைசியில் எழுந்திருக்க முடியாமல், தின்னாமல், வலியில் முனகினால் மருத்துவரிடம் கேளுங்கள். வலியில்லாமல் முடித்துவைக்க ஊசி இருக்கிறது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் நாலடிக் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல்லை ஏற்றிவிடுங்கள், நரி தோண்டாமல் இருக்கும்.