கடலில் அடிபட்டால் யாரிடம் சொல்வது?



வருமானவரிக் காலத்தில்தான் பலரது கதைகள் என் மேசைக்கு வருகின்றன. இம்முறை வந்த தம்பி, நியூபவுண்ட்லாந்துக் கடலில் ஒரு எண்ணெய் மேடையின் சமையலறையில் வேலை செய்பவர். மூன்று கிழமை கடல், மூன்று கிழமை மொன்றியல். ஈரத்தரையில் சறுக்கி முழங்கால் அடிபட்டது. அறைத் தோழருக்கு மட்டும் சொல்லிவிட்டு, மிச்ச நாட்களை நொண்டி நொண்டி முடித்து வந்தார். அடுத்த முறை போகவேண்டாம் என்று வைத்தியர் மறித்துவிட்டார்.

"அண்ணை, நடுக்கடலில நடந்ததுக்கு கியூபெக் என்ன செய்யும்?"

செய்யும். 1985ஆம் ஆண்டின் கியூபெக் வேலை விபத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பாருங்கள். தொழிலாளி கியூபெக்வாசியாகவும் முதலாளிக்கு இங்கே ஒரு வேலைத்தலமும் இருந்தால், விபத்து மாகாணத்துக்கு வெளியே நடந்தாலும் சட்டம் பொருந்தும். தம்பியின் நிறுவனத்துக்கு மொன்றியலில் கிளை உண்டு. மற்ற மாகாணச் சட்டத்திலும் உரிமை இருந்தால் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். அதற்கு ஆறு மாதம்.

அவர் தவறவிட்டது முதற்படியை. வேலைத்தலத்தை விட்டுப் போகமுன், முடியாவிட்டால் இயன்ற விரைவில், முதலாளிக்கு அறிவிக்கவேண்டும். கடலில் என்றால் ஹெலிகொப்டரில் ஏறமுன் மேற்பார்வையாளரிடமும் மேடையின் மருத்துவ உதவியாளரிடமும் சொல்லி, நேரம், இடம், கண்டவர் பெயர் எல்லாம் எழுதுவித்து ஒரு பிரதி வாங்குங்கள். "சொன்னால் அடுத்தமுறை கூப்பிடமாட்டாங்கள்" என்ற பயம் நம்மவரிடம் நிறைய. அப்படிப் பழிவாங்குவதை அதே சட்டம் தடுக்கிறது. முறைப்பாடு செய்ய 30 நாட்கள்தான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வேலை செய்ய முடியாத முதல் 14 நாட்களுக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் 90 வீதத்தை முதலாளி தரவேண்டும். ஆனால் வழமையாக வேலை செய்திருக்கக்கூடிய நாட்களுக்கு மட்டுமே. ஓய்வுக் கிழமைகள் கணக்கில் வரா. அதன்பின் சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி தரும். (2016க்கு முன் சி.எஸ்.எஸ்.ரி, எங்கள் ஆட்கள் இன்னமும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.) வைத்தியரின் சான்றிதழோடு கோரிக்கைப் பத்திரம் ஆறு மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். இந்தப் பணத்துக்கு வரி இல்லை, ஆனாலும் அதற்கு வரும் துண்டுகளை வரிப் பத்திரத்தில் காட்டத்தான் வேண்டும்.

தம்பி விழுந்து நாலு மாதமும் சில நாட்களும். வரிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுத்தில் அறிவிக்கச் சொன்னேன். அடுத்த தொலைபேசி அறைத் தோழருக்கு. விழுந்த அன்று இரவே விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.