மின்னாற்றலால் எரிவாயு ஆக்கம்: புதுச்சேரி மின் வழங்கல் நோக்கில் ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: மின்னாற்பகுப்பு, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், வினையூக்கி, புதுச்சேரி.

முன்னுரை

கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் மின்னாற்றலின் துணையால் எரிவாயுவாக மாற்றும் முறைகள் உலகெங்கும் ஆராயப்பட்டு வருகின்றன. இம்முறை கரிம உமிழ்வைக் குறைக்குமா என்பது மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பொறுத்தது. அதனைப் புதுச்சேரியின் மின் வழங்கலோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

மாற்ற முறைகள்

முதல் முறை இரு படிகளைக் கொண்டது. மின்னாற்பகுப்பால் நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கப்படுகிறது. பின்னர் நிக்கல் வினையூக்கியின் மேல், ஏறத்தாழ 300 முதல் 400 பாகை செல்சியசில், நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனும் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் வினைபுரிந்து மீத்தேனும் நீரும் உண்டாகின்றன. இவ்வினையைப் பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாத்தியே, சாந்தரான் ஆகியோர் 1902இல் கண்டறிந்தனர். சபாத்தியே 1912இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாம் முறையில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இயங்கும் திண்ம ஆக்சைடு மின்கலம் நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒருங்கே பகுத்து, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவைத் தருகிறது. மூன்றாவது, செம்பு எதிர்மின்வாயில் அறை வெப்பநிலையிலேயே நிகழும் நேரடி ஒடுக்கம். இதில் மீத்தேனும் எத்திலீனும் உண்டாவதை ஜப்பானிய அறிஞர் ஹோரி குழுவினர் 1980களில் வெளிப்படுத்தினர். எனினும், பல விளைபொருள்கள் கலந்து வருவது இதன் பெருங்குறை.

ஆற்றல் கணக்கு

முதல் முறையில் 1 கிலோ மீத்தேன் பெற 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 0.5 கிலோ ஹைட்ரஜனும் தேவை. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 50 அலகு மின்சாரம் செலவாகும். எனவே 1 கிலோ மீத்தேனுக்கு 25 அலகு தேவைப்படும். அதை எரித்தால் கிடைக்கும் வெப்பமோ ஏறத்தாழ 15 அலகுக்கு ஈடானது.

புதுச்சேரிச் சூழல்

காரைக்காலிலுள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் நீங்கலாக, புதுச்சேரி தன் மின்தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்சாரமும் அதில் அடங்கும். இந்திய மின்தொகுப்பில் ஓர் அலகுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது எனக் கொண்டால், 25 அலகுக்கு 17.5 கிலோ வெளியேறும். 2.75 கிலோவைப் பயன்படுத்துவதற்காக அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் உமிழ்வதாக இது முடியும்.

முடிவுரை

உள்வாங்கப்படும் 2.75 கிலோவை 25 அலகுக்குப் பகிர்ந்தால் அலகொன்றுக்கு 110 கிராம் வரும். மின்சாரத்தின் உமிழ்வு இவ்வளவுக்குக் கீழ் இருந்தால்தான், இயற்கை எரிவாயுவுக்கு மாற்றாக இம்முறை நன்மை தரும். ஆதலின், புதுச்சேரியில் இதனை மேற்கொள்வதாயின், மின்தொகுப்பைச் சாராது, தேவைக்கு மிஞ்சிய சூரிய, காற்று மின்சாரத்தைச் சேமிக்கும் வழியாகவே கொள்ளுதல் பொருந்தும்.