மைவிக்கு ஸ்பீக்கர் மாற்றப் போகிறீர்களா? முதலில் கதவைத் தட்டிப் பாருங்கள்

முதல் கார் கைக்கு வந்ததும் கோவிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். அது முடிந்த மறுவாரமே பாட்டுக்கு வழி பார்ப்பார்கள். 1994-இல் பெரோடுவா கஞ்சில் சாலைக்கு வந்த நாளிலிருந்து நம் பிள்ளைகளிடம் இருக்கும் பழக்கம் இது. கஞ்சில் போய் மைவி, ஆக்சியா, பெஸ்ஸா என்று கார்கள் மாறிவிட்டன. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் கேள்வி மாறவில்லை: "எத்தனை வாட், அண்ணே?"

இந்தக் கேள்வியில்தான் பாதிப் பணம் வீணாகிறது. சின்னக் காரில் நல்ல ஓசை வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது வாட்டையும் அல்ல, டேஷ்போர்டில் பளபளக்கும் திரையையும் அல்ல, பூட்டில் வைக்கும் வூஃபர் பெட்டியையும் அல்ல. முன்கதவு இரண்டும், அவற்றில் உட்காரும் ஸ்பீக்கரும்தான். தோட்டத்து வேலைக்கோ தொழிற்சாலை ஷிஃப்டுக்கோ போய்ச் சேர்த்த 1,000 வெள்ளியை எதில் போடுவது என்று யோசிப்பவர்களுக்கு இது பெரிய வேறுபாடு.

வாட் கணக்கை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 1,500 வாட் என்று இருக்கும். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்கக்கூடிய உச்ச அளவு, அல்லது வெறும் விளம்பரம். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்ற எண்; தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் அதுதான். 4 ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று எழுதியிருக்கும் சாதாரண பிளேயர்கள், உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவுதான் தொடர்ந்து தருகின்றன.

ஆம்ப்ளிஃபையர் விற்பவர் சொல்வது மெய்யா என்று கடையிலேயே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஆம்ப்பைத் திருப்பி, அதன் பியூஸில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 1,500 வாட் என்று சொல்லும் ஆம்ப்பில் 25 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 350 வாட். அந்த ஆம்ப் உள்ளே வாங்கக்கூடியதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி சூடாகிப் போய்விடும். 350 வாங்கி 1,500 கொடுக்கும் இயந்திரம் உலகத்தில் இன்னும் வரவில்லை.

வாட்டைவிடப் பயனுள்ள இன்னோர் எண் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். 'சென்சிட்டிவிட்டி' என்பார்கள், 86 டெசிபல், 92 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். கொடுக்கும் மின்திறனை எவ்வளவு நன்றாக ஓசையாக மாற்றுகிறது என்பதற்கான அளவு அது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். அப்படியென்றால் 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை, 86 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 80 வாட் வேண்டும். காரோடு வந்த பிளேயரையே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் இந்த எண் கூடுதலாக உள்ளதையே தேடி வாங்க வேண்டும். விலையுயர்ந்த ஸ்பீக்கரைப் பூட்டிவிட்டு, "பழசே பரவாயில்லை போலிருக்கிறதே" என்று விழிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

இனி கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க ஓசையும் பின்பக்க ஓசையும் ஒன்றோடொன்று கலந்தால், கனமான ஓசைகள், அதாவது தவில், உருமி, பேஸ் கிட்டார் போன்றவை, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பது அதைத் தடுக்கத்தான். காரில் அந்தப் பெட்டி உங்கள் கதவு. ஆனால் சின்னக் கார்களின் கதவுத் தகடு மெல்லியது. உள் அட்டையைக் கழற்றினால் அடியில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். இதில் 500 வெள்ளி ஸ்பீக்கரைப் பூட்டினாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

உங்கள் காரின் முன்கதவை வெளிப்புறமிருந்து விரலால் தட்டிப் பாருங்கள். 'டொங்' என்று தகரம்போல் ஒலித்தால் அந்தத் தகடும் பாட்டோடு சேர்ந்து பாடும். இதற்கு 'பியூட்டைல்' என்ற ரப்பர் வகைத் தாளை, ஒரு பக்கம் அலுமினியம் பூசியது, தகட்டில் ஒட்டுவார்கள். பெரிய ஓட்டைகளையும் அடைப்பார்கள். பிறகு தட்டினால் 'டொப்' என்று அடங்கிக் கேட்கும். விலை குறைவென்று தார் வகைத் தாளை வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அது இளகும், நாறும், சில மாதத்தில் கழன்றும் விழும். இன்னொன்று, கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை ஒட்டி அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

தாள் ஒட்டியதன் பலன் பாட்டோடு நிற்பதில்லை. மூன்று சிலிண்டர் எஞ்சினின் உறுமலும் டயர் ஓசையும் சற்றே அடங்கும். வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டையும் குறைவாக வைத்தே கேட்கலாம். கதவைச் சாத்தும்போது பெரிய கார்போல் ஓசை வரும் என்பது கூடுதல் சந்தோஷம்.

பூட்டில் பெரிய வூஃபர் பெட்டி வேண்டுமா? பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. காரின் உட்புறம் சிறியதாக இருப்பது இங்கே நமக்குச் சாதகம். மூடிய சிறிய இடத்தில் கனமான ஓசை தானாகவே கூடிக் கேட்கும். ஆக்சியாவின் பூட்டில் 12 அங்குலப் பெட்டியை வைத்தால் அரிசி மூட்டைக்கோ கேஸ் தோம்புக்கோ இடமிருக்காது. நம்பர் பிளேட் நடுங்கும் சத்தம்தான் வெளியே கேட்கும். கதவு வேலையை முடித்த பிறகும் போதவில்லை என்றால், இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டையான வூஃபர் போதும். பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் 8 அல்லது 10 அங்குலத்தில், துளையில்லாத மூடிய பெட்டியைக் கேளுங்கள். துளையுள்ள பெட்டி அதிகமாக முழங்கும், மூடியது தாளத்தைத் துல்லியமாகத் தரும்.

லயத்து வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெல்லிய ஓசையைச் சுவர் தடுத்துவிடும். கனமான ஓசையைப் பலகைச் சுவரும் தடுக்காது, செங்கல் சுவரும் தடுக்காது. நீங்கள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டதாலேயே பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று நினைக்க வேண்டாம். விடியலில் பால்மரம் வெட்டப் போகிறவரும் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவரும் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள்.

திரை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆண்ட்ராய்டு திரை போட்டால் வழிகாட்டி வரைபடம் தெரியும், பின்பக்கக் கேமரா தெரியும். ஸ்பீக்கரின் ஓசை அதனால் மாறிவிடாது. பழைய கார்களுக்கு அது வசதிதான். புளூடூத்தும் யுஎஸ்பியும் ஏற்கெனவே உள்ள காருக்கு அந்தப் பணத்தைக் கதவில் போடுவதே மேல். ஓட்டும்போது படம் பார்ப்பதற்காக வாங்குபவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை, அதைச் செய்யாதீர்கள் என்பதைத் தவிர.

வயரிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. 300 வாட் ஆம்ப் ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். அதற்கான தடித்த வயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு முழத்துக்குள், அந்த வயரில் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் ஆம்ப்பின் அருகில் மட்டும் இருந்தால், இடையில் எங்காவது வயர் தகட்டில் உரசித் தோல் கிழியும்போது தடுக்க ஒன்றுமிருக்காது. கார் தீப்பிடிக்க அது ஒன்றே போதும். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மலிவான வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அவை முழுச் செம்பைவிடக் குறைவான மின்சாரத்தையே தாங்கும். முழுச் செம்பா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

புதிய கார் என்றால் வயரை வெட்ட விடாதீர்கள். அந்தந்தக் காருக்கென்றே பிளக் சாக்கெட் கிடைக்கிறது. செருகினால் போதும், நாளைக்குக் கழற்றி எடுத்துவிடலாம். வெட்டி ஒட்டிய வயரைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது. மஞ்சள் நிற உறை போட்ட வயர்களும் சாக்கெட்டுகளும் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. முன்கண்ணாடித் தூணில் சின்ன டிவீட்டரைப் பூட்டும் முன், அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சரி, 1,000 வெள்ளி கையில் இருக்கிறது. நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: முன்கதவு ஸ்பீக்கரும் டிவீட்டரும் 350, கதவுக்குத் தாளும் கூலியும் 200, சிறிய நான்கு வழி ஆம்ப் 300, நல்ல வயரும் பூட்டும் கூலியும் 150. கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் பாதிக்கு மேல் கதவுக்குப் போக வேண்டும் என்ற கணக்கு மாற வேண்டாம். 500 தான் இருக்கிறது என்றால் ஆம்ப்பை விட்டுவிட்டு, சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கரை எடுத்துக் கதவை மட்டும் முடியுங்கள். பின்கதவு ஸ்பீக்கர்கள் இருந்தபடியே இருக்கட்டும். ஓட்டுபவர் காதுக்கு முன்னால்தான் மேடை.

கேட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் போடும் பாட்டை நம்பாதீர்கள். அது அந்த ஸ்பீக்கருக்கென்றே தேர்ந்தெடுத்தது. உங்களுக்கு மனப்பாடமான பாடல்களை யுஎஸ்பியில் கொண்டுபோங்கள். பேஸ், டிரெபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். டி.எம்.எஸ். பாட்டு ஒன்று போதும், குரல் நெஞ்சிலிருந்து வருகிறதா தொண்டையிலிருந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். உருமி மேளத்தில் அந்த இழுவையும் அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் குழைந்து ஒரே முழக்கமாக வந்தால் கதவு சரியில்லை. நாதஸ்வரம் உச்சத்தில் போகும்போது காது கூசினால் டிவீட்டர் மட்டம். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இன்னொரு சோதனை உண்டு: மின்னல் எஃப்எம் செய்தி வாசிப்பாளரின் ழகரமும் ளகரமும் பிரிந்து கேட்கிறதா என்று பார்ப்பேன். நல்ல ஸ்பீக்கரில் பிரியும். பிரியாவிட்டால் ஒருமுறை வேறு நிலையத்தையும் வைத்துப் பார்ப்பது நியாயம்!

எவ்வளவு சத்தம் வைக்கலாம்? பாதுகாப்பாகக் கேட்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் மட்டுமே. தினமும் ஒரு மணி நேரம் ஓட்டி வேலைக்குப் போகிறவர் 90-இல் வைத்துக் கேட்டால் வியாழக்கிழமையோடு அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும். பின்னிருக்கையில் குழந்தை இருக்கும்போது இன்னும் குறைக்க வேண்டும். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் ஒலியும் உங்களுக்குக் கேட்க வேண்டும். ஓசை சிதறத் தொடங்கினால் ஸ்பீக்கர் தாங்கவில்லை என்று நினைத்துப் பெரியதை வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் பிளேயர்தான் தன் எல்லையைத் தொட்டிருக்கும். அந்த நிலையிலேயே தொடர்ந்து வைத்தால் முதலில் கருகுவது டிவீட்டர்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய ஸ்பீக்கர்கள், திருகுகள், பிளேயர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வீட்டில் வையுங்கள். காரை விற்கும் நாளில் அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டு, உங்கள் ஸ்பீக்கர்களை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.