வீட்டில் எஞ்சும் பூச்சிமருந்து

நெல்லுக்கும் மிளகாய்க்கும் தெளித்தபின் எஞ்சும் மருந்தை அடுத்த போகத்துக்கென வீட்டில் வைப்பது கமக்காரர் பலரின் வழக்கம். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீசிவிட மனம் வராதென்பது உண்மையே. ஆயினும் நம் கிராமங்களில் தம்முயிரை மாய்க்க முயன்ற பலருக்கு அகப்பட்டது இத்தகைய போத்தலே என்பதை நீங்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

இவர்கள் நெடுநாள் எண்ணிச் செய்தவர்களல்லர். வைத்தியசாலைகளில் இத்தகையோரை விசாரித்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் எண்ணம் தோன்றி அரைமணி நேரத்துக்குள் நஞ்சருந்தியமை தெரியவந்தது. வீட்டிற் சச்சரவு, கடன், சினம். அவ்வேளை கைக்கெட்டியது எதுவோ அதுவே உயிரா சாவா என்பதைத் தீர்மானித்தது. தப்பியோரிற் பெரும்பாலார் மீண்டும் அதனை நாடுவதில்லை.

1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தனர். பரதியோன் 1984இலும், மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் முதலியன 1995இலும், பரக்குவாட் 2008க்கும் 2011க்கும் இடையிலும் தடைசெய்யப்பட்டன. 2015ஆம் ஆண்டளவில் அவ்வீதம் மூன்றிலொரு பங்களவாகத் தாழ்ந்தது. இத்தடைகளால் நெல் விளைச்சல் குன்றவுமில்லை. ஆதலின் தடைசெய்த மருந்து களவாகக் கிடைப்பினும் வாங்காதீர்கள்.

பெட்டியிற் பூட்டிவைத்தாற் போதாதோ எனக் கேட்பீர்கள். அநுராதபுர மாவட்டத்திற் பல கிராமங்களுக்குப் பூட்டுப்பெட்டி வழங்கிப் பரீட்சித்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, அதனால் நஞ்சருந்துவோர் தொகை குறைந்ததாகக் காணப்படவில்லை. திறப்பு எங்கேயென வீட்டார் அறிவரன்றோ! சிறுபிள்ளைகளின் பொருட்டுப் பூட்டுதல் வேண்டியதே. எனினும் வீட்டில் மருந்தே இல்லாதிருத்தல் அதனினும் நன்று.

பூச்சி வருமென எதிர்பார்த்து முன்கூட்டி வாங்குவதாலேயே மருந்து எஞ்சுகின்றது. முதலில் வயலைச் சுற்றிப் பாருங்கள். தெளிப்பது அவசியமாயின், பரப்பை அளந்து அதற்குப் போதுமான மிகச்சிறிய போத்தலையே வாங்குங்கள். அயலவர் இருவர் ஒரு போத்தலைப் பங்கிட்டு அன்றே தெளித்து முடிப்பதும் நல்ல முறையாகும். சோடாப் போத்தலில் ஊற்றிவைத்தல் கூடவே கூடாது.

எவரேனும் நஞ்சருந்திவிடின் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். 1990 என்னும் எண்ணில் அம்புலன்ஸ் வண்டியை அழைத்து, மருந்துப் போத்தலையும் உடன் கொண்டுசெல்லுங்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமன்று. ஆதலாற் பொலிசுக்கு அஞ்சித் தாமதித்தல் வேண்டாம். வீட்டில் எவரேனும் மனமுடைந்து வாழ்வை வெறுத்துப் பேசின், அவரைத் தனியே விடாது அருகிருந்து கேளுங்கள். அன்றே போத்தலை வீட்டிலிருந்து அகற்றுங்கள். 1926 என்னும் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் பேசலாம்.