கணினிக்கு முகவரி கொடுப்பவர் யார்?



திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் பக்கங்களில் இன்று தொழிற்சாலைகள் பல நிற்கின்றன. அவற்றில் வேலை செய்ய வரும் வெளியூர் இளைஞர்கள் சுற்றுப்புற ஊர்களில் உள்ள விடுதிகளில் தங்குகின்றனர். ஒருவர் பெட்டியுடன் வந்து நின்றால், விடுதிக் காப்பாளர் பதிவேட்டைப் பார்த்துக் காலியான கட்டிலின் எண்ணைச் சொல்வார். மாதம் முடியுமுன் வாடகையைச் செலுத்தினால் அக்கட்டில் அவருக்கே நீடிக்கும். அவர் ஊர் திரும்பினால் வேறொருவருக்குப் போகும். நம் வீட்டுக் கணினிக்கும் அலுவலகக் கணினிக்கும் முகவரி கிடைப்பது ஏறத்தாழ இம்முறையில்தான். அது கிடைக்காதபோது செய்யத்தக்கது யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் வேண்டும். பழைய நாளில் இவ்வெண்ணை ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுதி, குறிப்பேட்டிலும் பதிந்து வைத்தனர். கணினிகள் பெருகவே அம்முறை சுமையாயிற்று. அதனால் 1993-ஆம் ஆண்டில் டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய அதன் திருந்திய வடிவம் 1997-இல் வெளிவந்தது.

நம் வீடுகளில் இக்காப்பாளர் வேலையைச் செய்வது ரூட்டர். கணினி விழித்தவுடன், “முகவரி தருவார் எவரேனும் உளரோ?” என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. “இந்த எண் காலியாக உள்ளது” என்கிறது ரூட்டர். “அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறது கணினி. “ஆகட்டும்” என்று ரூட்டர் உறுதி செய்கிறது. எண்ணோடு, வெளியுலகிற்குச் செல்லும் வாயில் எது என்பதும் சொல்லப்படும். எண் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே குத்தகையாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் அக்காலத்தில் பாதி கழிந்ததும் கணினி புதுப்பித்துத் தரும்படி கேட்கத் தொடங்கும்.

இனி, என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் எங்கள் பள்ளியில் நிகழ்ந்தது அது. பாலிடெக்னிக் சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். கணினி அறையில் சில கணினிகள் நன்கு இயங்கின; சில இணையத்தைத் தொடவே இல்லை. முதல் நாள் மாலை அவ்வறையில் கடைசியாக அமர்ந்திருந்த மாணவனை அழைத்து, “நீதானே எதையோ மாற்றிக் கெடுத்தாய்?” என்று பலர் முன்னிலையில் கடிந்தேன். அவன் தலை குனிந்து நின்றான்.

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வலையமைப்புப் பணியிலிருந்த என் பழைய மாணவர், இரவு ஷிப்டு முடித்துக் கண் சிவக்க வந்து சேர்ந்தார். கெடுத்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. “எத்தனை கணினிகள் ஐயா? எப்போதிலிருந்து? அவற்றில் என்ன எண் தெரிகிறது?” என்று மூன்றே கேள்விகள் கேட்டார். இயங்கிய கணினிகளின் எண்கள் 192.168.1 என்று தொடங்கின. இயங்காதவற்றின் எண்கள் 192.168.0 என்று தொடங்கின.

“இந்த வீட்டில் இரண்டு காப்பாளர்கள் இருக்கிறார்கள் ஐயா” என்றார் அவர்.

இரண்டாம் காப்பாளரைக் கொண்டுவந்தவன் நானே! நூலகத்தில் வைஃபை எட்டவில்லை என்று, என் வீட்டிலிருந்த பழைய ரூட்டரை முதல் நாள் மாலை கொணர்ந்து கேபிளைச் செருகியிருந்தேன். அது தானும் எண்களை வழங்கத் தொடங்கிவிட்டது. அதன் சொல்லை நம்பிய கணினிகள், வெளியே வழியில்லாத வாயிலில் போய் நின்றன. நண்பர் அதன் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, முதல் ரூட்டரின் வரிசையில் தனி எண் ஒன்றை அதற்குக் கொடுத்தார். பிறகு அஃது வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாய் நின்றது.

இத்தகைய பழுது நேரும்போது நீங்கள் பின்பற்றத்தக்க ஒழுங்கு இது. முதலில், கெட்டிருப்பது ஒரு கணினியா, எல்லாமா என்று பாருங்கள். ஒன்றே எனில் அதன் கேபிளையும் வைஃபையையும் சோதியுங்கள். எல்லாமே எனில் ரூட்டரிடம் செல்லுங்கள். அடுத்து, எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் ‘ஐ.பி.கான்ஃபிக்’ என்னும் கட்டளை அதைக் காட்டும். எண் 169.254 என்று தொடங்கினால், கணினி கூவியும் எவரும் விடை தரவில்லை என்று பொருள். காப்பாளரைக் காணாதவர் திண்ணையில் தாமே பாய் விரித்துக்கொண்டதைப் போன்றது அது. பக்கத்தில் படுத்திருப்பவரோடு பேசலாம், வெளியே செல்ல இயலாது. இணைப்பைச் சரிசெய்தபின், அக்கட்டளையுடன் ‘ரிலீஸ்’ என்று சேர்த்துப் பழைய எண்ணை விடுவித்து, ‘ரென்யூ’ என்று சேர்த்துப் புதியதைக் கேளுங்கள்.

ஒரே எண் இருவரிடம் இருப்பதாகச் செய்தி வந்தால், கையால் எண் எழுதப்பட்ட பிரிண்டர் போன்ற கருவியைத் தேடுங்கள். ரூட்டர் அதே எண்ணை அறியாமல் வேறொருவருக்குக் கொடுத்திருக்கும். பிரிண்டருக்கென அவ்வெண்ணை ரூட்டரிலேயே ஒதுக்கி வைப்பது நலம்.

பழைய கருவிகள் இயங்க, புதிதாக வருபவற்றிற்கு மட்டும் எண் கிடைக்காவிட்டால், கட்டில்கள் தீர்ந்தன என்று ஐயுறலாம். 192.168.1.100 முதல் 199 வரை வழங்கும் ரூட்டரிடம் நூறு எண்களே உள்ளன. ஐம்பது பேர் பணிபுரியும் அலுவலகத்தில் ஆளுக்கொரு கணினியும் கைப்பேசியும் இருந்தால் நூறும் நிறைந்துவிடும். எண்களின் எல்லையை விரிக்கலாம். வந்து போவோர் மிகுந்த இடமாயின் குத்தகைக் காலத்தைக் குறைக்கலாம். முகவரிப் பஞ்சம் உலகிற்கும் உண்டு. ஏறக்குறைய 430 கோடி எண்கள் கொண்ட பழைய முகவரித் தொகுதியில், உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருந்த இறுதிப் பங்கு 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்தது. வீட்டுக்குள் மட்டும் செல்லும் 192.168 போன்ற எண்களை எல்லா ஊர்களிலும் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதால்தான் ஒருவாறு சமாளித்து வருகிறோம்.

அன்று பிற்பகலுக்குள் விண்ணப்பங்கள் அனைத்தும் சென்று சேர்ந்தன. அம்மாணவனை வகுப்பின் முன் அழைத்து, “தவறு என்னுடையது” என்றேன். “பரவாயில்லை ஐயா” என்று சொல்லிவிட்டு, தன் விண்ணப்பத்தை அனுப்ப ஓடினான். முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியனாய் இருந்த நான் அன்று ஒரு பாடம் கற்றேன். பழுது நேர்ந்தால் ஆளைத் தேடாதீர்கள், எண்ணைப் பாருங்கள். அது பொய் சொல்லாது. எவரையும் புண்படுத்தவும் செய்யாது.